பஸ் ஸ்டாப்பில் போட்ட கையெழுத்து

1

பிள்ளைகளே, உங்கள் தலைமை ஆசிரியை போன மாதம் போன் செய்து, பள்ளி ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பச் சொன்னார். அமெரிக்காவைப் பற்றி எழுதுங்கள், பனியைப் பற்றி எழுதுங்கள், பெரிய பெரிய கடைகளைப் பற்றி எழுதுங்கள் என்றார். நான் பத்தாம் வகுப்பும் அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் படித்தவன். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. பனியைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். வெள்ளையாக இருக்கிறது, வழுக்குகிறது. அதற்கு மேல் ஓடவில்லை.

அப்புறம் இந்த 2013 அக்டோபரில் ஒன்று நடந்தது. அதை எழுதலாம் என்று தோன்றியது.

என் மகள் ஜெனி இங்கே ஏழாம் வகுப்பு. அவள் வகுப்பை ஒரு தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போக இருந்தார்கள். அருவி, குகை எல்லாம் இருக்கிற பூங்கா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் சிலர் கூட வர வேண்டும் என்றார்கள். நான் வருகிறேன் என்று நாலு பக்கப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். 'உங்கள் மீது ஏதாவது குற்ற வழக்கு உண்டா' என்று கேட்ட இடத்தில், வரிசை மாறி, என் ரத்த வகையை எழுதிவிட்டேன். பள்ளி அலுவலகத்து அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு புதுப் படிவம் கொடுத்தார். இரண்டாவது தடவை ஜெனி என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். நான் வேலை செய்கிற தொழிற்சாலை லைனில் குவாலிட்டி செக்கிங் செய்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

சுற்றுலாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அரசாங்கம் மூடியிருக்கிறது, அதனால் பூங்காவும் மூடியிருக்கிறது, சுற்றுலா கிடையாது.

அரசாங்கம் எப்படி மூடும், கடையா அது, ஷட்டரை இறக்க என்று நான் கேட்டேன். ஜெனி தன் சமூக அறிவியல் நோட்டைத் திறந்து படம் போட்டு வைத்திருந்ததைக் காட்டினாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் பிரசிடெண்ட் என்று ஒருவர். சட்டம் செய்ய ஒரு சபை. சபைக்குள் இரண்டு அவை. அரசாங்கம் எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்று இரண்டு அவையும் ஒத்துக்கொண்டு சட்டம் போட வேண்டும், அப்புறம் பிரசிடெண்ட் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் போடாமல் திருப்பி அனுப்பலாம். திருப்பி வந்ததை இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மறுபடியும் சரி என்றால் அவர் கையெழுத்து இல்லாமலே அது சட்டம். அவர் இவர்களைப் பிடித்து நிறுத்தலாம், இவர்கள் அவரைப் பிடித்து நிறுத்தலாம். இந்த வருடம் ஒரு அவை போட்ட நிபந்தனையை இன்னொரு அவையும் ஏற்கவில்லை, பிரசிடெண்டும் ஏற்கவில்லை. சட்டம் வரவில்லை. சட்டம் இல்லாமல் செலவு செய்ய பிரசிடெண்டுக்கே அதிகாரம் இல்லை. அதனால் பூங்கா கேட்டில் பூட்டு.

ஜெனிக்குக் கோபமான கோபம்.

"அவர்தானேப்பா பிரசிடெண்ட்? கேட்டைத் திறங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. எதுக்கு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருக்கணும்?"

அவள் தமிழில் இவ்வளவு நீளமாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்கு இப்போது தமிழ் வருகிறது. எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. ஏனென்றால் யாரையும் கேட்காமல் கேட்டைத் திறக்கிற ஒரு பிரசிடெண்டோடு நான் இருந்திருக்கிறேன்.

2

நம்ம ஊரில் பிரசிடெண்ட் என்றால் டில்லியில் இருப்பவரை யாரும் நினைக்க மாட்டார்கள். ஊராட்சித் தலைவர்தான். 2006 தேர்தலில் கோதண்டம் பிரசிடெண்ட் ஆனார். அதே தேர்தலில் நான் நாலாவது வார்டு மெம்பர் ஆனேன். என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஏரிக்கரைத் தெருவில் அந்த வருடம் எல்லோரும் கம்பெனி வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார்கள், மெம்பர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை.

கோதண்டம் வேகமான மனிதர். நல்ல மனிதர். மழையில் தெரு விளக்கு அணைந்தால் லைன்மேன் வருகிற வரைக்கும் கம்பத்துக்குக் கீழேயே நிற்பார். பாதி வாக்கியம் பேசும்போதே வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்துவிடுவார், மீதி வாக்கியத்தை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே அமெரிக்காவில் பெரிதாக இருக்கிற ஏற்பாடு நம்ம ஊரில் சின்னதாக இருந்தது. பிரசிடெண்ட் நினைத்ததை எல்லாம் தானே செய்துவிட முடியாது. ஒன்பது வார்டு மெம்பர்களும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சரி என்றால் அது தீர்மானம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

எழுத்தில் அப்படி. நாங்கள் செய்தது வேறு.

ஒன்பது பேரில் ஆறு பேர் ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். ஊராட்சிக் கூட்டம் காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் நான் கார் கதவுக்கு ரப்பர் பட்டை பொருத்துகிற லைனில் நின்றுகொண்டிருப்பேன். ஒண்ணுக்குப் போவதென்றாலே பக்கத்தில் ஒருவனை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். தீர்மானம் போட எங்கே போவது?

அதனால் ஊராட்சி கிளார்க் சம்பந்தம் ஒரு வழி கண்டுபிடித்தார். மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தே காலுக்கு, மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்துக்கே புத்தகத்தைக் கொண்டுவந்துவிடுவார். ஜவுளிக்கடைப் பையில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்திருப்பார். பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒன்பது கோடு போட்டிருக்கும். மேலே ஒன்றும் இருக்காது. மேலே நான் எழுதிக்கொள்கிறேன், நீ கீழே போட்டுவிடு, பஸ் வந்துவிடும் என்பார். முதல் தடவை நான் என்ன தீர்மானம் என்று கேட்டேன். தெரு லைட்டுதான் என்றார். இரண்டாவது தடவை கேட்டேன். குழாய் என்றார். மூன்றாவது தடவையிலிருந்து கேட்கவில்லை. வீட்டில் இருந்த மூன்று மெம்பர்களுக்கும் அவரே வாசலுக்குப் போய் வாங்கிக்கொண்டார்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். யாரும் எங்களை மிரட்டவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவில்லை. பிரசிடெண்ட் நல்லவர், செய்வதெல்லாம் நல்லதாக இருந்தது, பஸ் வந்துவிடும். அவ்வளவுதான் காரணம். பக்கத்து ஊர்க்காரர்கள், உங்கள் ஊரில் மட்டும் எப்படி எல்லாம் இவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்று கேட்பார்கள். எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

3

ஜெனி அப்போது இரண்டாம் வகுப்பு. என் மனைவி ரீட்டா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் நாங்கள் இரண்டு பேருமே வீட்டில் இருக்க மாட்டோம். ஜெனி தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து பள்ளிக்கு நடந்து போவாள். ஏரிக்கரைத் தெருவிலிருந்து பள்ளிக்குப் பழைய வண்டிப்பாதை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் அப்போது பொட்டல். பத்து நிமிஷத்தில் பள்ளி.

ஒரு நாள் சாயங்காலம் ஜெனி சாப்பிட்டுக்கொண்டே, பாதைக்கு நடுவில் கல் நட்டு சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள், தாண்டிக் குதித்து விளையாடினோம் என்றாள். நான் சாக்கடை வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் எங்கள் தெருவிலேயே இருக்கும் தனம் அக்கா வாசலில் வந்து நின்றார். தனம் அக்கா மூன்றாவது வார்டு மெம்பர், கம்பெனி ஹாஸ்டல் பையன்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்.

"இன்னாப்பா இது, பாதைய கம்பெனிக்கு குடுத்துட்டாங்களாமே. கல்லு நடறவன் சொல்றான். பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு குடுத்தாச்சாம். நீ போட்டியா?"

நான் போடவில்லை என்றேன். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊராட்சி ஆபீஸுக்குப் போய்ப் புத்தகத்தைக் கேட்டேன். சம்பந்தம் எடுத்துக் கொடுத்தார். பாதைக்கு இந்தப் பக்க நிலத்தையும் அந்தப் பக்க நிலத்தையும் ஒரே கம்பெனி வாங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே சுவர் எழுப்ப வேண்டும். நடுவில் உள்ள வண்டிப்பாதை புழக்கத்தில் இல்லாததால் அதைக் கொடுக்க ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை. பதிலுக்குக் கம்பெனி நம்ம பள்ளிக்கு இரண்டு வகுப்பறைக் கட்டடம் கட்டித் தரும். இதுதான் தீர்மானம். அடியில் ஒன்பது கையெழுத்து. நாலாவது என்னுடையது. பென்சில் கோட்டின் மேல் கொஞ்சம்கூட ஏறி இறங்காமல், அழகாகப் போட்டிருந்தேன்.

பாதை இல்லை என்றால் ஏரிக்கரைத் தெருப் பிள்ளைகள் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் லாரிகள் வரிசையாகப் போகிற ரோடு. ஓரத்தில் நடக்க மண் கூடக் கிடையாது. அதில் என் ஏழு வயது மகள் தினமும் நடக்கட்டும் என்று எழுதிய காகிதத்தில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கே ரீட்டாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. எந்த மாதம் போட்டது என்று மட்டும் கேட்டாள். எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

4

இங்கே அரசாங்கம் மூடி ஒரு வாரம் ஆனபோது, எங்கள் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். நான் இங்கேயும் கார் உதிரிப் பாகம்தான் செய்கிறேன், இப்போது கதவு இல்லை, சீட்டு. ஒருவர் பிரசிடெண்ட் மேல் குற்றம் என்றார், இன்னொருவர் சபை மேல் என்றார். என்னையும் கேட்டார்கள். என் ஆங்கிலத்தில் சொல்ல முடிந்தது, பிரசிடெண்ட், சபை இரண்டு பேரும் விழித்திருக்கிறார்கள் என்பதுதான். அவர்களுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு சாண்ட்விச்சைச் சாப்பிட்டார்கள். உங்களுக்குப் புரியும்.

ஊரில் அன்று, புத்தகத்தைப் பார்த்த பிறகு, கோதண்டத்தைப் பார்க்க நானும் தனம் அக்காவும் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"இன்னாடா நாலாவது வார்டு, இது நீ போட்ட கையெழுத்துதானே? உன் பொண்ணு படிக்கிற ஸ்கூலுக்குத்தானே பில்டிங்கு வருது? ஓடு ஒழுகுது, ஒழுகுதுன்னு ரெண்டு வருஷமா எல்லாரும் என் உசிரை எடுத்தீங்க. வண்டிப்பாதை, வண்டிப்பாதைன்றீங்களே, ஊர்ல வண்டி எங்க கீது? கடைசியா மாட்டு வண்டி ஓட்டினவன் யாரு, சொல்லு பாக்கலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீடு மெயின் தெருவில், பள்ளிக்கு எதிரில். ஏரிக்கரைத் தெருவுக்கு வந்தால் தார் ரோடு வழியாக வண்டியில்தான் வருவார். வரைபடத்தில் வண்டிப்பாதை என்று இருந்தது, ஊரில் வண்டி இல்லை, அதனால் பாதை சும்மா கிடக்கிறது என்று அவர் நினைத்தார். ஒரு மனிதன் தன் கண்ணால் பார்த்ததை வைத்துத்தானே கணக்குப் போடுவான். எந்தத் தெருப் பிள்ளை எந்த வழியாக நடக்கிறது என்று ஒரே ஆளுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் வார்டுக்கு ஒருத்தரை மெம்பர் ஆக்கி வைத்திருந்தது. நாங்கள் பஸ் ஏறிப் போய்விட்டோம்.

தனம் அக்கா வாக்குவாதம் செய்யவில்லை. "தலைவரே, நாளைக்கு எட்டரை மணிக்கு என் வூட்டாண்ட வந்து நில்லு. சும்மா நில்லு, போதும்" என்றார்.

மறுநாள் எனக்கு ஷிப்டு, நான் பார்க்கவில்லை. தனம் அக்கா சொல்லித்தான் தெரியும். கோபத்தோடுதான் வந்தாராம். வண்டியை விட்டு இறங்கவில்லையாம். எட்டரைக்கு ஒன்று, இரண்டாகப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். அக்காமார் தம்பிகளை இழுத்துக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலை ஆட்டிக்கொண்டு, நட்டிருந்த கல்லை ஒவ்வொருவராகத் தாண்டிக் குதித்துப் போனார்கள். கடைசிப் பிள்ளை போன பிறகு கோதண்டம் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பாதை முழுக்க நடந்து பள்ளி வரைக்கும் போனார். திரும்பியும் நடந்தே வந்தார்.

5

அங்கிருந்து நேரே ஆபீஸுக்குப் போயிருக்கிறார். சம்பந்தத்திடம் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திருப்பி, அடித்துவிடு என்றிருக்கிறார். இதை சம்பந்தமே பின்னால் எனக்குச் சொன்னார்.

"அடிக்க முடியாதுங்க. மெம்பருங்க போட்ட தீர்மானம். மெம்பருங்க கூடித்தான் ரத்து பண்ணணும். அதுவும் தனிக் கூட்டம் போட்டு, ஒம்பது பேர்ல அஞ்சு பேராவது நேர்ல வந்து சரின்னு சொல்லணும்" என்றிருக்கிறார் சம்பந்தம்.

"போட்டப்ப எவனும் கூடவே இல்லையேய்யா."

"புத்தகத்துல கூடினதா இருக்குதுங்களே."

கோதண்டம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததே அன்றைக்குத்தான் என்றார் சம்பந்தம்.

பிள்ளைகளே, நான் இதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். எங்களைக் கேட்காமல் கொடுக்க அவரால் முடிந்தது, ஏனென்றால் நாங்கள் இடம் கொடுத்தோம். எங்களைக் கேட்காமல் திருப்பி வாங்க அவரால் முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சுவர் வேலை ஆரம்பம் என்று கம்பெனி ஆட்கள் சொல்லியிருந்தார்கள். கூட்டத்துக்கு முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதனால் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத்தான் கூட முடியும். ஐந்து பேர் வராவிட்டால் பாதை போய்விடும்.

மறுநாள் காலை ஐந்தே காலுக்கு பஸ் நிற்கும் இடத்தில் சம்பந்தம் இல்லை. கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். கையில் புத்தகம் இல்லை. மெம்பர்கள் ஒவ்வொருவரிடமும் போய், வெள்ளிக்கிழமை வந்துவிடப்பா, நேரில் வந்துவிடு என்று கேட்டார். தேர்தலில் ஓட்டுக் கேட்டபோதுகூட அவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சிலர் பார்க்கலாம் என்றார்கள். சிலர் வாக்குக் கொடுக்காமல் பஸ்ஸில் ஏறினார்கள். எல்லோருக்கும் வேலைப் பயம் இருந்தது.

எனக்கும் இருந்தது. நான் அப்போது டிரெய்னி. அடுத்த மாதம் நிரந்தரம் செய்கிறவர்களின் பட்டியல் வர இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், கறாரானவர். வெள்ளிக்கிழமை லீவு வேண்டும் என்று நின்றேன்.

"லைன்ல ஆளே கெடையாது, லீவு கேக்கீரே. என்னவே விசேஷம்?"

ஊராட்சிக் கூட்டம், நான் வார்டு மெம்பர் என்றேன்.

"நீரு மெம்பரா? ஒன்றரை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்ற மாதிரி எதுவும் செய்யல சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "லீவுன்னு என்னால எழுத முடியாது. ஆளு வரலைன்னுதான் எழுதுவேன். ஏன் வரலைன்னு உம்மை ஏச மாட்டேன். அம்புட்டுதான் என் கையில இருக்கு" என்றார். அந்தப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. ஆறு மாதம் தள்ளிப்போனது. அதில் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

6

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆபீஸில் நான் இருந்தேன், தனம் அக்கா இருந்தார். மளிகைக் கடை வைத்திருந்த ஒருவரும், ஆடு வளர்க்கிற ஒருவரும் வந்தார்கள். மெம்பர்கள் நாலு பேர். பதினொன்றே கால். பதினொன்றரை. கோதண்டம் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தார். திடீரென்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஏழாவது வார்டு பாபு ஒரு போன் கம்பெனியில் நைட் ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, லுங்கியோடு பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார் கோதண்டம். பாபுவின் கன்னத்தில் பாய்க் கோடு பதிந்திருந்தது. ஐந்து பேர்.

தனம் அக்காவுக்குத் தன் பெயரை எழுத மட்டும்தான் தெரியும். பழைய தீர்மானத்தை முதலில் படித்துக் காட்டு என்றார். சம்பந்தம் படித்தார். 'உறுப்பினர்கள் அனைவரும் கூடி, நன்கு ஆலோசித்து, ஏகமனதாக' என்று வந்த இடத்தில் மளிகைக் கடைக்காரர் சிரித்துவிட்டார். அப்புறம் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

இதை ரத்து செய்யலாமா என்று சம்பந்தம் கேட்டார். நாலு பேர் சரி என்றோம். பாபு சொல்லவில்லை.

"பாதைய உட்டா பில்டிங்கு வராது. என் பையன் ஒழுகுற ரூம்ல குந்திகினு கீறான். மழை வந்தா நோட்டை சட்டைக்குள்ள வெச்சிக்கிறான். அவனுக்கு இன்னா பதிலு?"

யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. பாபு பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர், அவர் மகன் பாதையில் நடக்கிறவன் இல்லை. அவர் கேட்டதும் நியாயம்தான். எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தோம். எதற்கும் உடனே பதில் வைத்திருக்கிறவர் அவர்.

"எனுக்குத் தெரியல பாபு" என்றார். "நீங்க பேசுங்க. நான் கேட்டுக்கறேன்."

பேசினோம். ஒன்றரை மணி நேரம் பேசினோம். கம்பெனியிடம் மறுபடி கேட்கலாம் என்றார் ஒருவர், கொடுக்க மாட்டார்கள் என்றார் இன்னொருவர். ஒரு கட்டத்தில் பாபுவும் தனம் அக்காவும் குரலை உயர்த்திக்கொண்டார்கள். "உன் பையனுக்கு நோட்டு நனையும்பா, எங்க பசங்களுக்கு..." என்று சொல்ல வந்த தனம் அக்கா மீதியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். பாபு நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். ஓட்டை இல்லாத காங்கிரீட் கூரை, ஓடுகிற ஃபேன்.

"அப்போ பில்டிங்கு வர்ற வரிக்கும் மழை நாள்ல அந்தப் பசங்க இந்த ஆபீஸ்ல குந்தட்டும். அத்தையும் சேத்து எழுது, நான் போடறேன்."

"இங்கயா? அப்ப நான் எங்கய்யா குந்தறது?" என்றார் கோதண்டம்.

"நீ என்னிக்கி குந்தின தலைவரே, எப்பவும் வண்டி மேலதானே" என்றார் தனம் அக்கா.

முதலில் சிரித்தவர் கோதண்டம்தான். சம்பந்தம் எழுதினார். எழுதியதைத் தனம் அக்கா மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். நகல் அன்றைக்கே கம்பெனிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் போனது. கம்பெனிக்காரர்கள் பாதைக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். கட்டடம் கட்டித் தரவில்லை. இரண்டு மழைக்காலம் உங்கள் பள்ளியின் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஊராட்சி ஆபீஸில் நடந்தது. கோதண்டம் ஃபைல்களை வெளித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். புதுக் கட்டடம் அரசாங்கத்திலிருந்து வந்தபோது நாங்கள் அமெரிக்காவுக்கு வந்துவிட்டோம். ரீட்டாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது, நான் மெம்பர் பதவிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் வந்தேன்.

7

பதினாறு நாள் கழித்து இங்கே அரசாங்கத்தைத் திறந்தார்கள். அத்தனை நாள் எத்தனையோ பேர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதை நான் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்துவதிலேயே இருந்துவிட்டால், நடுவில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சுற்றுலா இல்லாமல் போய்விடுகிறது. ஆனாலும் ஒரே ஆள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களில் யாராவது பெரியவர்களாகிச் சொல்லுங்கள்.

ஜெனிக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பாதை அவளுக்கு ஞாபகமே இல்லை. கல்லைத் தாண்டிக் குதித்தது ஞாபகம் இல்லை. மழை நாளில் ஊராட்சி ஆபீஸில் உட்கார்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அங்கே ஃபேன் இருந்தது, ஜாலியாக இருந்தது என்றாள். நான் யாருக்காகப் பயந்தேனோ அவளுக்கே அது நினைவில் இல்லை. கொஞ்சம் வலித்தது. அப்புறம், பயம் இல்லாமல் நடந்த வழி யாருக்குத்தான் நினைவில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை உங்களுக்குச் சொல்லி முடிக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்தபோது என் ஷிப்டே முடிகிற நேரமாகியிருந்தது. செய்ய வேறு வேலை இல்லை. சாயங்காலம் பள்ளி வாசலில் போய் நின்றேன். மணி அடித்ததும் ஜெனி ஓடிவந்தாள். வேலை நாளில் என்னை அங்கே அவள் பார்த்ததே இல்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பாதையில் இரண்டு பேரும் நடந்தோம்.

"நீ ஏன்பா இன்னிக்கு வேலைக்குப் போவல?"

"கூட்டம் இருந்துச்சும்மா."

"கூட்டத்துல இன்னா பண்ண?"

"உக்காந்திருந்தேன்."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அவ்ளோ நேரம் சும்மாவா உக்காந்திருந்த?"

"ஆமாம்மா" என்றேன்.